நாம் அனுப்பாத பணம்

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதுவது)

நமது சங்கங்களில் பணம் கைமாறும் முறை அண்மை ஆண்டுகளில் பெரிதும் மாறிவிட்டது. முன்பெல்லாம் நெசவாளர் தமது கூலியைக் காரியதரிசியின் மேஜை முன் நின்று எண்ணி வாங்கிக்கொண்டு, பட்டுவாடாப் பதிவேட்டில் கையொப்பமிடுவார். நூல் ஆலைக்குச் சேர வேண்டிய தொகைக்குக் காசோலை எழுதப்படும். தலைவரும் காரியதரிசியும் கையெழுத்திட்ட பின்னரே அது வங்கியின் படியேறும். இன்றோ கூலியும், நூல் விலையும், பருத்தியும் மஞ்சளும் விற்ற பணமும் காகிதம் இன்றியே ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்குச் சென்றுவிடுகின்றன. நெஃப்ட் என்னும் மாற்று முறை 2019 டிசம்பர் 16 முதலும், ரூ.2 லட்சமும் அதற்கு மேற்பட்டதுமான தொகைகளுக்குரிய ஆர்.டி.ஜி.எஸ். முறை 2020 டிசம்பர் 14 முதலும் இரவு, பகல், விடுமுறை என்ற வேறுபாடின்றி நடைபெற்று வருகின்றன.

இதனால் விளைந்த நன்மையை எவரும் மறுக்க இயலாது. கூலிக்காக ஒரு நாள் தறியை நிறுத்திவிட்டுச் சங்கத்தில் காத்துக் கிடக்கும் நிலை குறைந்திருக்கிறது. ஆனால் இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். சங்க அலுவலகம் மாலையில் பூட்டப்படுகிறது. வங்கிக் கிளையும் பூட்டப்படுகிறது. பணம் செல்லும் வழி மட்டும் பூட்டப்படுவதே இல்லை. நாம் உறங்கும் வேளையில் நமது கணக்கிலிருந்து நாம் அனுப்பாத பணம் வெளியேறுமாயின், அந்த இழப்பு யாரைச் சேரும்? நம்மையா, வங்கியையா?

இக்கேள்விக்குரிய விடை பெரும்பாலும் ஒரே ஒரு செயலைப் பொறுத்திருக்கிறது. பணம் போன செய்தியை நாம் எந்த நாளில், எந்த மணியில், எவ்விதம் வங்கிக்குத் தெரிவித்தோம் என்பதே அது. இதனை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

மூவகை இழப்பு

கணக்கிலிருந்து பணம் தவறாக வெளியேறுவது மூன்று வகைப்படும். மூன்றையும் ஒன்றெனக் கருதிக் குழம்புவதால்தான் பலர் தமக்குரிய உரிமையை இழக்கின்றனர்.

முதலாவது, வங்கியின் குறையாலோ, வங்கி ஊழியரின் சூழ்ச்சியாலோ நேர்வது. இரண்டாவது, வங்கியிடமும் குறையில்லை, கணக்குடையவரிடமும் குறையில்லை. இடையிலுள்ள அமைப்பில் எங்கோ ஓர் ஓட்டை ஏற்பட்டு, அதன் வழியே திருடன் புகுந்துவிடுவது. மூன்றாவது, கணக்குடையவர் தமது கடவுச்சொல்லையோ, கைபேசிக்கு வந்த ஓ.டி.பி. எண்ணையோ பிறரிடம் கூறிவிட்டதால் நேர்வது.

இம்மூன்றுக்கும் பொறுப்பு யாருடையது என்பதை இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதிய சுற்றறிக்கையில் வகுத்துரைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 14-ஆம் தேதி கூட்டுறவு வங்கிகளுக்கும் இவ்வாறே விதி செய்தது. ஆகவே நமது மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியில் கணக்கு வைத்திருப்பவர், “இவையெல்லாம் பெரிய வங்கிகளுக்கு உரியவை, நமக்கில்லை” என்று எண்ண வேண்டியதில்லை.

அவ்விதிகளின் சாரம் வருமாறு:

முதல் வகையில் கணக்குடையவருக்கு இழப்பே கிடையாது. அவர் தெரிவித்தாலும் தெரிவிக்காவிட்டாலும் பொறுப்பு வங்கியினுடையதே.

இரண்டாம் வகையில், வங்கியிடமிருந்து செய்தி கிடைத்த பின் 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு இல்லை. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரம்பு வரையில் கணக்குடையவர் ஏற்க வேண்டும். அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு ரூ.5,000; மற்றச் சேமிப்புக் கணக்குகளுக்கும், சிறு தொழில் நிறுவனங்களின் நடப்பு மற்றும் ரொக்கக் கடன் கணக்குகளுக்கும் ரூ.10,000; இவ்வகுப்புகளில் அடங்காத நடப்பு, ரொக்கக் கடன் கணக்குகளுக்கு ரூ.25,000 என்று வரம்பு விதிக்கப்பட்டது. போன தொகை வரம்பினும் குறைவாயின், அத்தொகை மட்டுமே இழப்பாகும். 7 வேலை நாட்களும் கடந்துவிட்டால், அந்தந்த வங்கியின் நிர்வாகக் குழு வகுத்த கொள்கைப்படியே தீர்வு கிட்டும்.

மூன்றாம் வகையில், தெரிவிக்கும் கணம் வரையில் நேர்ந்த இழப்பு முழுவதும் கணக்குடையவரைச் சேரும். தெரிவித்த பின் நேரும் இழப்பு வங்கியைச் சேரும். ஏமாந்துபோய் எண்ணைக் கூறிவிட்டவரும் வெட்கத்தால் வாய்மூடி இருத்தல் ஆகாது என்பது இதனால் விளங்கும். அவர் பேசாதிருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் அவர் தலையில்தான் விழுகிறது.

ஓர் உதாரணத்தால் இதனைத் தெளிவாக்கலாம். நெசவாளர் ஒருவரின் சாதாரணச் சேமிப்புக் கணக்கிலிருந்து, அவருடைய குறை ஏதுமின்றி, ஒரே பற்றில் ரூ.40,000 போய்விட்டதாகக் கொள்வோம். மேற்படி விதிப்படி மூன்றாம் வேலை நாளுக்குள் அவர் தெரிவித்தால் ரூ.40,000-மும் அவருக்குத் திரும்பும். ஐந்தாம் நாள் தெரிவித்தால் ரூ.10,000 வரை அவர் இழக்க நேரும். பத்தாம் நாள் தெரிவித்தால் வங்கியின் கொள்கை எவ்வளவு இடம் கொடுக்கிறதோ அவ்வளவுதான். திருடன் ஒருவனே, தொகையும் ஒன்றே. தாமதம் ஒன்றே அவருடைய கூலியைத் தின்றுவிடுகிறது.

ரிசர்வ் வங்கி இத்தகைய விதிகளை அவ்வப்போது திருத்தி வெளியிடுவது வழக்கம். எனவே நடப்பிலுள்ள வரம்புகள் எவை, நமது கணக்கு எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பதைத் தத்தம் வங்கியிடம் எழுத்து மூலம் கேட்டு வைத்துக்கொள்ளுதல் நலம். சிறப்பாக, ரொக்கக் கடன் கணக்கு வைத்துள்ள சங்கங்கள் இதனைச் செய்தல் வேண்டும்.

நாளை எண்ணும் முறை

வேலை நாள் என்பது நமது கணக்கு உள்ள கிளை திறந்திருக்கும் நாளாகும். செய்தி கிடைத்த நாளை நீக்கிவிட்டு எண்ண வேண்டும். மாதத்தின் இரண்டாம் சனியும் நான்காம் சனியும் வங்கிகளுக்கு விடுமுறை. இரண்டாம் சனிக்கு முந்திய வெள்ளி இரவில் செய்தி வந்ததாயின், திங்கள் முதல் நாள், செவ்வாய் இரண்டாம் நாள், புதன் மூன்றாம் நாள் ஆகும்.

ஆயினும் இக்கணக்கு பொறுப்பை நிர்ணயிப்பதற்கு உதவுமேயன்றிப் பணத்தைப் பிடிப்பதற்கு உதவாது. புதன்கிழமை வரை பொறுத்திருந்தால், பணம் நான்கைந்து கணக்குகளைக் கடந்து ஏ.டி.எம். வழியே ரொக்கமாகிவிடும். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் அக்கணமே தறியை நிறுத்திப் பிணைக்கிறார். வரப்பில் நண்டு வளை தோண்டியிருப்பதைக் கண்ட விவசாயி, மறுநாள் மண் போடலாம் என்று வீடு திரும்புவதில்லை. அந்தத் தொழிற்புத்தியே இங்கும் வேண்டும்.

முதல் மணி நேரத்தில் செய்ய வேண்டுவன

அனுப்பாத பணம் போனதாகச் செய்தி வந்தவுடன் வங்கியின் இலவசத் தொலைபேசி எண்ணுக்குப் பேசிக் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும். இவ்வசதியை இரவு பகலாக வைத்திருத்தல் வங்கியின் கடமை என்றும், வந்த குறுஞ்செய்திக்கு மறுமொழி அனுப்பியே ஆட்சேபம் தெரிவிக்க இடமளித்தல் வேண்டும் என்றும் 2017-ஆம் ஆண்டு விதி கூறிற்று. அந்தத் தொலைபேசி எண்ணைப் பாஸ் புத்தகத்தின் முதற்பக்கத்தில் இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து வேளையில் இணையத்தில் தேடி எடுக்கும் எண் சில சமயம் திருடனுடைய எண்ணாகவே அமைந்துவிடுகிறது.

அடுத்து 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். இது மத்திய உள்துறை அமைச்சகத்தின் ஏற்பாட்டில் நாடெங்கும் இயங்கும் உதவி எண். இங்கே தெரிவித்தவுடன், பணம் எடுக்கப்பட்ட வங்கிக்குச் செய்தி போகிறது. பணம் எந்த வங்கிக்குச் சென்றதோ அந்த வங்கிக்கு அங்கிருந்து செய்தி போகிறது. பணம் இன்னும் அங்கே இருந்தால் முடக்கப்படுகிறது. வேறிடம் சென்றிருந்தால் அடுத்த வங்கியைத் தொடர்கிறது. திருடன் முந்துகிறானா, செய்தி முந்துகிறதா என்பதே போட்டி. தொலைபேசியில் கூறியதோடு நில்லாமல், தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் முழுப் புகாரையும் பதிவு செய்தல் வேண்டும். மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்.

விரைவின் பயனுக்கு நம் நாட்டிலேயே நன்கு தெரிந்த சான்று ஒன்று உண்டு. 2018-ஆம் ஆண்டு பிப்ரவரியில், கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் வெளிநாட்டுப் பணமாற்று அமைப்பினுள் புகுந்த திருடர்கள், வங்கி பிறப்பிக்காத மூன்று பணமாற்று ஆணைகளை அனுப்பிவிட்டனர். மொத்தத் தொகை ஏறத்தாழ 20 லட்சம் டாலர். பிப்ரவரி 7-ஆம் தேதி கணக்குகளை ஒத்துப் பார்க்கையில் வங்கியார் இதனைக் கண்டுகொண்டனர். உடனே தொடர்பு கொண்டதில், நியூயார்க் வழியாகத் துபாய்க்குச் செல்லவிருந்த 5 லட்சம் டாலர் தடுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. மற்ற இரண்டும் துருக்கி, சீனா ஆகிய நாடுகளின் வங்கிகளை நோக்கிப் போய்விட்டன. தடுக்கப்பட்ட தொகையைக் காத்தது, அன்றன்று கணக்கை ஒத்துப் பார்க்கும் பழைய பழக்கமேயன்றி வேறில்லை. அப்பழக்கம் நமது சங்கங்களுக்கும் எட்டாத ஒன்றன்று.

எழுதாக் கணக்கு

“எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது” என்பர். வாய்மொழியாகத் தெரிவித்ததை எழுத்தில் உறுதிப்படுத்தாவிட்டால், பின்னர் அதற்குச் சாட்சி இல்லை. கிளை திறந்தவுடன் இரு பிரதிகளாகக் கடிதம் எழுதிச் சென்று, ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் முத்திரையும் தேதியும் நேரமும் பெற்றுவர வேண்டும். கடிதம் நீண்டதாக இருக்க வேண்டியதில்லை. இவ்வாறு எழுதலாம்:

“எனது சேமிப்புக் கணக்கு எண் ………-இலிருந்து ……… தேதி ……… மணிக்கு ரூ.……… மாற்றப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. இம்மாற்றத்தை நான் செய்யவில்லை. செய்யுமாறு எவருக்கும் அனுமதியும் அளிக்கவில்லை. மாற்றத்தின் குறிப்பெண் ………. இதுபற்றி ……… தேதி ……… மணிக்குத் தங்கள் உதவி எண்ணில் தெரிவித்து, ……… என்ற புகார் எண்ணும், 1930-இல் தெரிவித்து ……… என்ற எண்ணும் பெற்றுள்ளேன். இத்தொகையை ஆட்சேபிக்கிறேன். ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி இதனை என் கணக்கில் திரும்ப வரவு வைக்குமாறு வேண்டுகிறேன்.”

என் சரகத்தில் தறி நெய்யும் அம்மையார் ஒருவரின் கணக்கிலிருந்து ஒரு ஞாயிறு காலையில் இரு தவணைகளாகப் பணம் போயிற்று. தம் மகளின் துணையுடன் அன்றே இரு எண்களுக்கும் பேசிப் புகார் எண்களை நாட்காட்டியில் குறித்து வைத்தார். திங்களன்று கிளைக்குச் சென்றபோது, “முதலில் காவல் நிலைய ரசீது கொண்டு வாருங்கள், அதன் பிறகு கடிதத்தை வாங்கிக்கொள்கிறோம்” என்றனர். அம்மையார் அசையவில்லை. “ரசீது பிறகு தருகிறேன் ஐயா, கடிதம் கொடுத்த நாள் இன்றுதான் என்று முத்திரை மட்டும் போட்டுக் கொடுங்கள்” என்று சொல்லி நின்றார். முத்திரை கிடைத்தது, பின்னர்ப் பணமும் கிடைத்தது. வங்கிக்குத் தெரிவிப்பதற்குக் காவல் நிலைய ரசீது முன்நிபந்தனை என்று ரிசர்வ் வங்கியின் அவ்விதிகளில் எங்கும் கூறப்படவில்லை. புகார் எண்ணும், தேதியும், நேரமும் குறித்த ஒப்புகையை அளித்தலே வங்கியின் கடமை.

வங்கி மறுத்தால்

தெரிவித்த நாளிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் அத்தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும் என்றும், 90 நாட்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்றும் 2017 விதிகள் வரையறுத்தன. கணக்குடையவரின் பொறுப்பை நிரூபிக்கும் சுமையும் வங்கியின் மேலேயே வைக்கப்பட்டது. “ஓ.டி.பி. சரியாகப் பதிவாகியிருக்கிறது, ஆகவே நீங்கள்தான் கொடுத்திருக்க வேண்டும்” என்று வங்கி கூறுமாயின், அது வாதமேயன்றி நிரூபணம் ஆகாது. நான் எவரிடமும் கூறவில்லை என்பதை எழுத்தில் தெரிவித்து, எந்தச் சான்றின் பேரில் இம்முடிவுக்கு வந்தீர்கள் என்று எழுத்திலேயே கேட்க வேண்டும். ஆனால் உண்மையில் கூறியிருந்தால் அதனை மறைத்தல் கூடாது. பொய் ஒன்று கலந்தாலும் புகார் முழுவதும் வலுவிழந்துவிடும்.

இத்துறையில் உச்சநீதிமன்றத்தின் முடிவு ஒன்றும் உண்டு. கௌஹாத்தியைச் சேர்ந்த ஒருவர் 2021-ஆம் ஆண்டில் ரூ.94,204 இழந்தார். அவர் தம் இரகசிய எண்களைத் தாமே கொடுத்துவிட்டார் என்பது பெரிய அரசுடைமை வங்கி ஒன்றின் வாதம். கௌஹாத்தி உயர்நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. 2025 ஜனவரி 3-ஆம் தேதி உச்சநீதிமன்றமும் வங்கியின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அவர் 24 மணி நேரத்துக்குள் வங்கிக்குத் தெரிவித்திருந்தார் என்பது அத்தீர்ப்பில் குறிப்பிடப்பட்டது. இங்கும் விரைவே வழக்குக்கு வலுவாக நின்றது.

வங்கி மறுத்தாலோ, 30 நாட்களுக்குள் திருப்தியான மறுமொழி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மன் என்னும் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணமில்லை, வக்கீலும் வேண்டியதில்லை. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்டறியலாம். மாநிலக் கூட்டுறவு வங்கிகளும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளும் 2025 நவம்பர் 1 முதல் இந்த ஏற்பாட்டின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. இது நமது அங்கத்தினர்களுக்கு மிகவும் பயன்படுவதாகும். ஆனால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் பொருந்தாது. அங்கே வைத்துள்ள கணக்கில் தவறு நேர்ந்தால் சங்க நிர்வாகத்துக்கும் சரகத் துணைப் பதிவாளருக்கும் எழுத வேண்டும்.

சங்க நிர்வாகத்துக்குச் சில வார்த்தைகள்

தனி அங்கத்தினரின் இழப்பு ஒரு வீட்டைத் தாக்கும். சங்கத்தின் ரொக்கக் கடன் கணக்கில் நேரும் இழப்போ நூறு தறிகளை ஒரே நாளில் நிறுத்திவிடும். ஆகவே நிர்வாகக் குழுவினர் கீழ்க்கண்டவற்றில் கருத்தூன்ற வேண்டும்.

முதலாவது, வங்கியில் பதிவாகியுள்ள கைபேசி எண். நெசவாளர் சங்கம் ஒன்றை ஆய்வு செய்தபோது, ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்ட காரியதரிசியின் எண்ணே வங்கியில் இருக்கக் கண்டேன். சங்கத்தின் ஒவ்வொரு பற்றுக்கும் அவருடைய கைபேசிக்கே செய்தி போய்க்கொண்டிருந்தது. “சங்கத்துச் செய்திகள்தானே, எனக்கென்ன என்று நான் அவற்றைத் திறப்பதில்லை” என்றார் அந்தப் பெரியவர். அங்கே ஒரு திருட்டு நேர்ந்திருந்தால், செய்தி அனுப்பிவிட்டோம் என்று வங்கி கூறும். சங்கத்தில் எவருக்கும் எதுவும் தெரிந்திராது. நிர்வாகிகள் மாறும் நாளிலேயே எண்ணையும் மாற்றித் தீர்மானப் புத்தகத்தில் பதிய வேண்டும்.

இரண்டாவது, இருவர் கை. காசோலையில் இரண்டு கையெழுத்து வாங்கிய நாம், கணினியில் ஒருவர் பதியவும் மற்றொருவர் ஒப்புதல் அளிக்கவும் ஏற்பாடு செய்துகொள்ளுதல் வேண்டும். அவ்வாறு ஏற்பாடு செய்துவிட்டு, தலைவரின் கடவுச்சொல்லையும் எழுத்தரிடமே கொடுத்து வைத்தல், கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைப் புத்தகத்தை மேஜைமேல் விட்டுச் செல்வதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, நாள்தோறும் ஒத்துப் பார்த்தல். வங்கிக் கணக்கின் பற்று வரவை நாட்கணக்குடன் அன்றன்று ஒப்பிட்டுக் காரியதரிசி சுருக்கொப்பமிட வேண்டும். ஆண்டுத் தணிக்கையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது, அறுவடைக்குப் பின் வேலி போடும் கதையே.

நான்காவது, நாமே ஏமாந்து அனுப்பும் பணம். “எங்கள் ஆலையின் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிப் புதிய கணக்குக்கு அனுப்புக” என்று ஆலையின் பெயரால் கடிதமோ மின்னஞ்சலோ வரும். அதை நம்பிச் சங்கமே அனுப்பிய பணத்தை அனுமதியற்ற மாற்றம் என்று கூறுதல் கடினம். மேற்சொன்ன பாதுகாப்பு இதற்கு எளிதில் கிட்டாது. ஆதலால், முன்னரே நம்மிடமுள்ள பழைய எண்ணில் ஆலையாருடன் பேசி உறுதி செய்யாமல் ஒரு ரூபாயும் அனுப்புதல் கூடாது. பணம் பெறுபவரின் பெயரை அனுப்புமுன் சரிபார்க்கும் வசதியை நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். இரண்டிலும் 2025 ஏப்ரல் 1-க்குள் ஏற்படுத்துமாறு ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு ஆணையிட்டது. அதனைத் தவறாது பயன்படுத்துக. தவறி அனுப்பிவிட்டால் இதற்கும் வங்கிக்கும் 1930-க்கும் உடனே தெரிவிப்பதே வழி.

ஐந்தாவதாக, அங்கத்தினர்களுக்கு ஓர் எச்சரிக்கை. “உன் கணக்கில் கொஞ்சம் பணம் வந்து போகும், அதற்குக் கமிஷன் தருகிறேன்” என்று சொல்லிப் பாஸ் புத்தகத்தையும் ஏ.டி.எம். அட்டையையும் கேட்பவர் நம் கிராமங்களுக்கும் வந்துவிட்டனர். திருட்டுப் பணம் அவ்வழியேதான் செல்கிறது. இசைந்தவரின் கணக்கு முடக்கப்படும். காவல் துறையின் விசாரணைக்கும் அவரே நிற்க வேண்டியிருக்கும். கூலி வரும் கணக்கும் அதுவேயாயின், வீட்டில் அடுப்பெரிவதும் நின்றுவிடும்.

அடுத்து வரும் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இவ்விஷயத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வங்கியின் உதவி எண்ணையும் 1930-ஐயும் பெரிய எழுத்தில் எழுதிக் கூலி கொடுக்கும் ஜன்னலருகே ஒட்டிவிடலாம். அதற்கு ஒரு தாளும் சிறிது பசையும் போதும். எழுதப் படிக்க அறியாத அங்கத்தினருக்குப் புகார்க் கடிதம் எழுதிக் கொடுப்பதைச் சங்க ஊழியர்கள் தமது அலுவல்களுள் ஒன்றாக ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு நேர்ந்த இடரில் மற்றவர் கைகொடுப்பதற்காகவே நாம் சங்கம் அமைத்தோம்; அக்கை தாமதமின்றி நீளவேண்டும்.